கவுன்சிலருக்கு யார் பாடம் சொல்வது?

பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் மேயரோடு 24 கவுன்சிலர்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட வாக்குப்பெட்டி வழியாக வந்தவர் அல்லர். ஆளுங்கூட்டணிக் கட்சிகள் தத்தம் பங்குக்குப் பெயர்களைக் கொடுக்கின்றன. மாநில அரசு நியமிக்கிறது. சட்டப்படி ஒரு நியமனம் அதிகபட்சம் மூன்று ஆண்டு நீடிக்கலாம். பினாங்கில் ஓராண்டு, ஈராண்டு என்றுதான் நடைமுறை. அந்தக் குறுகிய காலத்துக்குள் ஒரு கவுன்சிலர் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தையும், அதே ஆண்டு வந்த நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தையும், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தையும் புரிந்துகொண்டு, ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை வாசித்து, குன்றுச் சரிவில் எழப்போகும் அடுக்குமாடிக்குக் கையைத் தூக்க வேண்டும், அல்லது தூக்காமல் இருக்க வேண்டும்.

ஊராட்சிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு கவுன்சிலரின் தகுதியைச் சொல்கிறது. பெரும்பான்மையினர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். உள்ளூராட்சியில் பரந்த அனுபவம் உள்ளவர்களாகவோ, தொழிலிலும் வணிகத்திலும் சிறந்து விளங்கியவர்களாகவோ, தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக் கூடியவர்களாகவோ இருக்க வேண்டும். அனுபவசாலிகளே வருவார்கள் என்று சட்டம் நம்புகிறது. அனுபவம் இல்லாதவர் வந்தால் அவருக்கு யார் கற்றுக்கொடுப்பது என்று அந்தப் பிரிவு பேசவில்லை.

பயிற்சி வகுப்புகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சுக்குச் சொந்தப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. புதிய கவுன்சிலர்களுக்கு அறிமுக வகுப்புகளும் நடக்கின்றன. என் கேள்வி வேறு. கவுன்சிலருக்குப் பாடம் சொல்பவர் யார், எதற்காகச் சொல்கிறார்? நடைமுறையைக் கற்பிப்பது ஒன்று. ஒரு கொள்கையை எடைபோட்டு, மறுத்து, திருத்தி எழுதக் கற்பிப்பது இன்னொன்று. ஜார்ஜ்டவுனின் வரலாறு இரண்டாவதைத்தான் நம்மிடம் கேட்கிறது.

மலாயாவில் உள்ளூராட்சி பிறந்த ஊர் இது. 1800இல் வரி மதிப்பீட்டுக் குழு ஒன்று இங்கே அமைந்தது. 1857இல் நகராண்மை ஆணையர்கள் வந்தார்கள். அவர்களில் சிலரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். 1913இல் அந்த உரிமை பறிபோனது. மறுபடி வாக்குச்சீட்டு கைக்கு வந்தது 1951 டிசம்பர் 1ஆம் தேதி. அன்று ஜார்ஜ்டவுனில் நடந்த நகராண்மைத் தேர்தல்தான் 1913க்குப் பிறகு மலாயாவில் நடந்த முதல் தேர்தல். கூட்டரசு நாடாளுமன்றத்துக்கு மக்கள் வாக்களிக்கும் முன்பே, குப்பைக்கும் விளக்குக்கும் பேருந்துக்கும் பொறுப்பானவர்களை இந்த நகரம் தேர்ந்தெடுத்தது. தேர்தலுக்கு விட்ட 9 இடங்களில் 6 இடங்களை ரேடிக்கல் கட்சி பிடித்தது. 1956க்குள் மன்றம் முழுவதுமே தேர்ந்தெடுக்கப்பட்டதாயிற்று. 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரம் ஆனது. அதன் தொடக்க கால மேயர்களில் ஒருவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் என்ற ஆசிரியர். 1950களிலேயே ஒரு தமிழர் இங்கே மேயர் அங்கி அணிந்தார் என்பதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்? முன்பு ஸ்காட் சாலை என்றிருந்த தெரு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

அந்த மன்றத்தின் கையில் இருந்த அதிகாரத்தை இன்று கற்பனை செய்வதே கடினம். மின்சாரம் அதனுடையது. குடிநீர் அதனுடையது. டிராலி பேருந்து உட்பட நகரப் போக்குவரத்தும் அதனுடையது. 1960களின் நடுவில் நாட்டிலேயே பணக்கார ஊராட்சி மன்றம் அதுதான். அதன் ஆண்டு வருமானம் பினாங்கு மாநில அரசின் வருமானத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இவ்வளவு பெரிய நிறுவனத்தை ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் தொழிற்சங்கத்தாரும் எப்படி நடத்தினார்கள்? மின்கட்டணத்தை ஏற்றினால் அடுத்த தேர்தலில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எனவே மின்நிலையத்தின் கணக்கைப் படித்தார்கள். நிதிக்குழுவிலும் பணிக்குழுவிலும் உட்கார்ந்து பொறியாளர்களோடு வாதாடினார்கள். வாக்காளரின் கேள்விதான் அவர்களுக்குப் பாடத்திட்டம்.

அதில் எல்லாமே சிறப்பாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. முறைகேட்டுப் புகார்கள் இருந்தன, விசாரணையும் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் நாடு முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1966இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரின் கைக்குப் போயின. இங்கேதான் இன்னொரு தமிழர் வருகிறார். மேற்கு மலேசிய உள்ளூராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்தின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டது, குறைகளை மறைக்காமல் பதிவு செய்தது. 1968இல் அறிக்கையை முடித்தபோது அதன் தீர்ப்பு தெளிவாக இருந்தது: எல்லாக் குறைகளோடும் பார்த்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே நியமன மன்றத்தைவிட மேலானது, தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அரசாங்கம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு உள்ளூராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. குடிநீரும் மின்சாரமும்கூட வேறு நிறுவனங்களுக்குப் போய்விட்டன.

அந்த அறிக்கை இன்று பெரும்பாலும் தேர்தல் ஆதரவாளர்களின் மேடைகளில்தான் பேசப்படுகிறது. கவுன்சிலர் பயிற்சி பற்றி யோசிப்பவர்களும் அதைக் கையில் எடுக்க வேண்டும். ஒரு கவுன்சிலர் மக்களிடமிருந்து விலகும்போது அறிவையும் இழக்கிறார் என்ற உண்மை அதற்குள் இருக்கிறது.

இன்றைய கவுன்சிலரின் மேசைக்கு வருவோம். மாதந்தோறும் முழு மன்றம் கூட வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குக் கட்டுக் கட்டாகக் கோப்புகள் வருகின்றன, மலாய் மொழியில், இலாகா நடையில். திட்டமிடல் அதிகாரி அந்தத் துறையில் பல்லாண்டு ஊறியவர், பொறியாளரும் அப்படியே, பொருளாளரும் அப்படியே. எதிரே உட்காரும் கவுன்சிலர் பகலில் கடை நடத்துகிறார், காப்புறுதி விற்கிறார், அல்லது கட்சிக் கிளையைக் கவனிக்கிறார். அதிகாரி தயாரித்த தீர்மானத்தை அவர் எதிர்க்க வேண்டுமானால் அதிகாரிக்குத் தெரிந்ததில் பாதியாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோது மௌனம் சம்மதமாகிறது. அதிகாரிகள் கெட்டவர்கள் என்பதல்ல பேச்சு. அவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் சிக்கல்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2010ஆம் ஆண்டளவில் பினாங்கில் ஓர் ஏக்கருக்கு 30 வீடுகள் என்றிருந்த அடர்த்தி வரம்பு 87ஆக உயர்த்தப்பட்டது. தாளில் அது ஓர் எண் மட்டுமே. தரையில் அதன் பொருள் என்ன? ஓர் ஏக்கரில் கிட்டத்தட்ட மும்மடங்கு குடும்பங்கள். அவற்றின் கார்கள், கழிவுநீர், குப்பை, பள்ளி இடம். மழை விழுந்து ஊறிய மண் சிமெண்டாகிறது. அந்தத் தண்ணீர் பழைய வடிகாலுக்குத்தான் போக வேண்டும். இந்தக் கணக்கை ஒருவர் மனத்தில் போட்டுப் பார்க்கக் கற்றுவிட்டால் அடுத்த கட்டட விண்ணப்பத்தில் அவர் கேட்கும் முதல் கேள்வியே மாறிவிடும். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு நாள் போதும். ஒரு வரைபடமும், அந்த இடத்துக்கே நடந்து போகும் பொறுமையும் வேண்டும்.

திட்டமிடல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் இன்னொரு செய்தி இருக்கிறது. அரசிதழில் அறிவிக்கப்பட்ட உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒரு மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவித்து, தங்கள் தரப்பை நேரில் சொல்லக் கேட்கலாம். முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இந்த உரிமை இல்லை, நில உரிமையாளருக்கே உண்டு. உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்ட இடத்தில் இந்த அறிவிப்புக் கடமையும் இல்லை. ஆகவே அங்கே மக்கள் பேச வேண்டிய நேரம், திட்ட வரைவு பார்வைக்கு வைக்கப்படும் அந்தச் சில வாரங்கள்தான். அதைத் தவறவிட்டால் பிறகு கட்டடம் எழும்பும்போது கூச்சல் போட்டுப் பயனில்லை. இதைத் தன் வட்டாரத்துக்கு விளக்கத் தெரிந்த கவுன்சிலர் நூறு மனுக்களுக்குச் சமம்.

தெரியாமை உயிரையும் வாங்கும். 2017 அக்டோபர் 21ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். அது இயற்கைப் பேரிடர் அல்ல, தவிர்த்திருக்கக்கூடிய மனிதத் தவறு என்றே மாநில விசாரணை ஆணையம் முடிவு செய்தது. ஓராண்டு முடிவதற்குள், 2018 அக்டோபர் 19ஆம் தேதி, புக்கிட் கூகூஸில் இன்னொரு சரிவு. ஒன்பது தொழிலாளர்கள் இறந்தனர். அது மாநகர் மன்றமே முன்னின்று நடத்திய சாலைத் திட்டம். இரு விபத்துகளிலும் செத்தவர்களில் பெரும்பாலோர் கடல்கடந்து கூலிக்கு வந்தவர்கள். இந்த ஊரில் எந்தத் தேர்தலிலும் அவர்களுக்கு வாக்கு கிடையாது. 250 அடிக்கு மேலும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவிலும் கட்டடம் கூடாது என்ற பொது விதி இருக்கிறது. விதியைத் தெரிந்திருப்பதோடு கடமை முடிந்துவிடாது. சரிவில் தற்காலிக வேலை நடக்கும்போது யார் மேற்பார்வை, எந்த நாளில் யார் போய்ப் பார்த்தார், மழைக்காலத்தில் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்று கேட்கும் பழக்கம் கவுன்சிலரிடம் இருக்க வேண்டும். கண்காணிப்பைப் பாடமாக வைக்காத பயிற்சியால் இந்தத் தீவுக்கு ஒரு பயனும் இல்லை.

கவுன்சிலரை விட்டு, சட்டமன்ற உறுப்பினர்களின் உதவியாளர்களைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. பினாங்கில் உள்ளூர் அளவில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 40 சட்டமன்ற உறுப்பினர்களைத்தான். அவர்களின் சேவை மையங்களில் உட்காரும் உதவியாளர்கள்தான் நடைமுறையில் உள்ளூராட்சியின் முன்வாசல். மூதாட்டி ஒருவர் சமூகநல உதவிக்கு விண்ணப்பம் எழுதிக்கொள்ள வருகிறார். ஒருவர் அங்காடி உரிமம் கேட்டு வருகிறார். அடுக்குமாடியில் மின்தூக்கி பழுது என்று பத்துப் பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் முன்னே வடிகால் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதை வருகிறது. நல்ல உதவியாளர் தொலைபேசியை எடுத்து ஆளைப் பிடித்து வேலையை முடித்துவிடுகிறார். மக்கள் நன்றி சொல்கிறார்கள். அடுத்த மழைக்கு அதே வடிகால் மறுபடி நிரம்புகிறது.

இந்த வடிகால் புகாரை ஒருவர் கொள்கைக் கண்ணோடு எடுத்தால் எப்படிப் போகும்? முதலில், யாருடைய வடிகால்? ஆறு என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. கூட்டரசுச் சாலை ஓரம் என்றால் பொதுப்பணி இலாகா. குடியிருப்புத் தெரு என்றால் மாநகர் மன்றம். அடுக்குமாடி வளாகத்துக்குள் என்றால் நிர்வாகக் குழு; அது கடமை தவறினால் 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கட்டட ஆணையரிடம் போகலாம். அடுத்து, கடந்த மூன்று மழைக்காலங்களில் அதே தெருவிலிருந்து எத்தனை புகார்? பதிவேட்டில் தேதியோடும் முகவரியோடும் எழுதியிருந்தால் மட்டுமே இதற்குப் பதில் கிடைக்கும். பிறகு, மேட்டுப் பகுதியில் புதிதாக என்ன கட்டினார்கள்? துப்புரவு ஒப்பந்தத்தில் அந்தத் தெரு இருக்கிறதா, வாரத்துக்கு எத்தனை முறை? இவ்வளவும் கிடைத்துவிட்டால் சட்டமன்ற உறுப்பினர் வெள்ள நிவாரண அரிசியோடு வந்து படம் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. வரவுசெலவுக் கூட்டத்துக்கு முன் மன்றத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பலாம். அந்த ஒரு பக்கத்தை எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் உதவியாளருக்கான பயிற்சி. 2017 நவம்பர் வெள்ளத்தில் ஏழு உயிர்களை இழந்த மாநிலத்தில் இது கூடுதல் வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

வெளியே பார்த்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் வாழிட அமைப்பு 1990களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்த் தலைவர்களுக்கென்று பயிற்சி ஏடுகளின் வரிசை ஒன்றை வெளியிட்டது. கொள்கை வகுப்பவர், முடிவெடுப்பவர், பேச்சுவார்த்தை நடத்துபவர், நிதியாளர், மேற்பார்வையாளர் என்று கவுன்சிலரின் ஒவ்வொரு பாத்திரத்தையும் அது தனித்தனியே எடுத்துப் பயிற்றுவித்தது. செபராங் பிறை மன்றத்துக்கும் பின்னர் பினாங்குத் தீவு மன்றத்துக்கும் தலைமை தாங்கிய மைமுனா முகமது ஷரிப் 2018இல் அதே அமைப்பின் செயல் இயக்குநராகப் போனார் என்பது நமக்குப் பெருமை.

ஆனால் எனக்குக் கேரளத்தின் அனுபவமே அதிகம் பொருந்துகிறது. திருச்சூர் அருகே முளங்குன்னத்துக்காவில் 1990இல் தொடங்கிய கிலா எனும் உள்ளாட்சி நிர்வாகக் கழகம், 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது பெரும் பொறுப்பை ஏற்றது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. பணமும் பயிற்சியும் ஒன்றாக வந்தன. செலவழிக்கும் அதிகாரம் கையில் இருந்ததால் பஞ்சாயத்து உறுப்பினர்கள் வகுப்பில் தூங்கவில்லை. தமிழ்நாட்டில், சென்னைக்கு மேற்கே உள்ள குத்தம்பாக்கத்தின் ஊராட்சித் தலைவர் இளங்கோ வேறு வழியில் போனார். வேதிப்பொறியாளரான அவர் 1996இல் தலைவரானார். 2001இல் ஊராட்சித் தலைவர்களுக்கென்று ஒரு பயிலகத்தையே தொடங்கினார். ஒரு தலைவர் இன்னொரு தலைவரிடமிருந்து கற்பது அதன் அடிப்படை. கழிவுநீர்க் கால்வாய் கட்டிய கதையை அதைக் கட்டியவரே சொல்லும்போது எந்த விரிவுரையாளரும் தர முடியாத நம்பிக்கை பிறக்கிறது.

பினாங்கிலும் அப்படி ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. அதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை. 2011இல் அமைந்த பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம், அடுத்த ஆண்டே தீவு, செபராங் பிறை ஆகிய இரு மன்றங்களோடும் சேர்ந்து பாலின நோக்கில் வரவுசெலவுத் திட்டமிடும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அதிகாரிகளும் கவுன்சிலர்களும் பயிற்சி பெற்றனர். அதோடு நிற்காமல் ஜாலான் சுங்கை, அம்பாங் ஜாஜார் ஆகிய மக்கள் வீடமைப்பு அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், முதியோர், உடற்குறையுள்ளோர் எனப் பிரித்துத் தகவல் திரட்டினார்கள். குழுக் குழுவாக உட்கார்ந்து தேவைகளைப் பேசினார்கள். முன்னுரிமையைக் குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். ஒரு நகரத்தின் பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஏழைக் குடும்பங்கள் வாக்களித்தன. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளூராட்சி வாக்குரிமை இல்லாதிருந்த ஊரில் இது சிறிய செய்தி அல்ல. அங்கே அதிகாரியும் கவுன்சிலரும் மக்களும் ஒரே அறையில் ஒரே பாடத்தைக் கற்றார்கள். அந்த அமைப்பைத்தான் நான் பின்பற்றச் சொல்கிறேன்.

2008க்குப் பிறகு மாநில அரசு பொது இயக்கங்களைச் சேர்ந்த சிலரையும் கவுன்சிலர்களாக நியமித்தது இன்னொரு பாடம். அத்தகைய இயக்கங்களின் கூட்டணியான பினாங்கு ஃபோரம் சார்பில் மன்றத்தில் இருந்த பொருளாதார அறிஞர் லிம் மா ஹுய், நிதியையும் போக்குவரத்தையும் பற்றி வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். அவர் நிலைப்பாடுகளை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் கணக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே ஒருவர் உட்கார்ந்தாலே மன்றத்தின் விவாதத் தரம் மாறும் என்பதை ஊர் கண்டது.

பயிற்சி தேர்தலுக்கு மாற்று ஆகாது. 2012இல் பினாங்கு உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தத் தேர்தலை நடத்த மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் மறுபடி பேச்சு எழுந்தபோது, இனப் பூசல் வரும் என்று கூறி அன்றைய பிரதமர் மகாதீர் மறுத்தார். 1950களின் ஜார்ஜ்டவுனில் சீனர் பெரும்பான்மையாக இருந்த ஒரு நகரம் தமிழ் ஆசிரியர் ஒருவரை மேயராக ஏற்றுக்கொண்டதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எவ்வளவு நல்ல பயிற்சி பெற்றாலும், தன்னை நியமித்தவரின் தயவில் இருக்கும் கவுன்சிலரால் ஓர் எல்லைக்கு மேல் பேச முடியாது. இதை மறைத்துப் பயிற்சியை மட்டும் பேசுவது நேர்மையாகாது. ஆனால் தேர்தல் வரும்வரை காத்திருப்போம் என்பதும் சரியல்ல. 1965இலிருந்து காத்திருந்தாயிற்று.

இப்போதைய சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை உண்டு. நியமனக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். முடித்தவருக்கே கடிதம் என்று மாநில அரசு விதி வைக்கலாம். சட்டம் அனுமதிக்கும் மூன்று ஆண்டுக் காலத்தை முழுதாகக் கொடுத்தால் கற்றது வீணாகாது. பாடம் சொல்பவர்கள் அமைச்சு அதிகாரிகளாக மட்டும் இருக்கக் கூடாது: மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் பினாங்கு கழகம் என்ற ஆய்வு நிறுவனமும் இங்கேயே இருக்கின்றன, ஓய்வுபெற்ற மன்றப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், வெள்ளம் புகுந்த தெருக்களில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சேவை மைய உதவியாளர்களுக்கு அந்த வகுப்பில் கட்டாய இடம் வேண்டும். வகுப்பின் பாடங்கள் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் பொதுமக்கள் கைக்கும் கிடைக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கை நம் சமூகத்தை நோக்கியது. கவுன்சிலர் பதவியைக் கட்சித் தொண்டுக்குப் பரிசாகவும், கோயில் அனுமதிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் ஆள் பிடிக்கும் வழியாகவும் மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. லெபோ பசாரின் கடைகளும் லெபோ குயின் மாரியம்மன் கோயிலும் யுனெஸ்கோ மரபு எல்லைக்குள் இருக்கின்றன. 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் அங்கே கட்டடத்தின் உயரத்தையும் பயன்பாட்டையும் தீர்மானிக்கிறது. அந்த ஆவணத்தைத் தமிழில் விளக்கும் ஒரு மாலை வகுப்பை நம் சங்கங்கள் நடத்தலாமே. மேடைப்பேச்சையும் கூட்ட நடைமுறையையும் தலைமுறை தலைமுறையாக இளைஞர்களுக்குப் பழக்கிய மணிமன்றங்கள் நம்மிடம் உண்டு. அவை வரவுசெலவு வாசிப்பையும் பாடமாக எடுத்துக்கொள்ளட்டும். ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. பாடாங் கோத்தாவில் 1903இல் கட்டி முடித்த மாநகர் மண்டபத்துக்கு யாரும் போய் உட்காரலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலர் எந்தத் தீர்மானத்துக்கு என்ன பேசினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது அவரிடமே காரணம் கேளுங்கள்.